குள்ளம்மாள் கழுவிய பதினோரு டம்ளர்கள்

குள்ளம்மாளின் ஆதார் அட்டையில் பிறந்த தேதி 1-1-1958 என்று இருக்கிறது. அது சரியான தேதி அல்ல. அட்டை எடுக்க வந்தவர்கள், தேதி தெரியாத எல்லோருக்கும் ஜனவரி ஒன்றையே போட்டுவிட்டுப் போனார்கள். சேலத்திலிருந்து தருமபுரியைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கியபோது (2-10-1965) கடத்தூர்ப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்ததாகவும், முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துக்கொண்டிருந்ததாகவும் அவர் சொன்னார். அப்படியானால் வயது ஏழு. ஆக வருடம் சரி, தேதிதான் தப்பு. இதை அவரிடம் சொன்னேன்.

"வருசம் சரியா இருந்தா போதுங்க ரைட்டரய்யா. தேதிய வெச்சி என்னா பண்ணப் போறன், கேக்கா வெட்டப் போறன்?" என்றார்.

நான் தருமபுரியில் நாற்பத்தொரு வருடம் பத்திர எழுத்தராக இருந்தவன். அதனால் எல்லோருக்கும் ரைட்டரய்யா.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி நவநீதம் உணவகம் இருக்கிறது. பலகையில்தான் அந்தப் பெயர். லாரி ஓட்டுநர்கள் அதைப் ‘பதினோரு மொதலாளி ஓட்டல்’ என்பார்கள். குள்ளம்மாள் அங்கே 1994 தை மாதத்திலிருந்து 2024 நவம்பர் வரை, முப்பது வருடம் பத்து மாதம், பாத்திரம் கழுவினார். அதில் கடைசிப் பதினெட்டு வருடம் இரண்டு மாதம் (இரண்டு நாள் குறைய) அந்த ஓட்டலின் முதலாளிகளில் ஒருவராகவும் இருந்தார். முதலாளியான பிறகும் பாத்திரம்தான் கழுவினார்.

அவருடைய கணவர் ஆண்டி கல் உடைக்கப் போனவர். 1993 ஐப்பசியில் காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் இறந்துபோனார். மகன் கோவிந்தனுக்கு அப்போது வயது ஒன்பது. மூன்று மாதம் கழித்து, தெரிந்தவர் ஒருவர் சொல்லி, குள்ளம்மாள் ஓட்டலின் பின்கட்டுக்கு வந்தார். அங்கே சிமெண்டில் கட்டிய தொட்டிகள் மூன்று. முதல் தொட்டியில் எச்சில் போகும், இரண்டாவதில் சோப்பு, மூன்றாவதில் நல்ல தண்ணீர். சன்னலை ஒட்டிய மேசையில் நான் தினமும் காலை 7.40க்கு உட்காருவேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் குள்ளம்மாளின் முதுகு தெரியும்.

அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் திரும்பி வரும் தட்டைப் பார்த்தே அன்றைய சமையலைச் சொல்லிவிடுவார். முதல் இருபது தட்டுக்குள் அடுக்களைக்குச் சேதி போய்விடும். "மாதவராஜு, சாம்பார்ல உப்பு ஏறிடுச்சு, எல்லாரும் சட்னிய மட்டும் வழிச்சி வெச்சிருக்காங்க பாரு." "வட பாதி பாதியா வருதுடா, உள்ள வேவல." தோசை மாஸ்டர் மாதவராஜுக்கு அப்போது வயது இருபத்தெட்டு, கோபம் அதிகம். "சாப்பிட்டுப் பாத்தியாக்கா நீ?" என்பார். "நான் எதுக்குச் சாப்புடணும், நாப்பது பேரு சாப்புட்டு எனக்குச் சொல்லி அனுப்பறாங்க" என்பார் குள்ளம்மாள். மாதவராஜ் முணுமுணுத்துக்கொண்டே சாம்பாரில் தண்ணீர் ஊற்றுவார். ஒருநாளும் அந்தச் சேதி பொய்யானதாக எனக்கு நினைவில்லை.

2006ஆம் வருடம் சாலையை நான்கு வழியாக்கும் வேலை நடந்தது. மண்ணும் தடுப்பும் போட்டதில் பேருந்துகள் நிற்கவில்லை. ஓட்டல் முதலாளி ஆறு மாதம் பார்த்தார். பிள்ளைகள் பெங்களூரில் இருந்தார்கள். அவரும் அங்கேயே போய்விடுவதாகச் சொல்லி, வேலையாட்களுக்குக் கொடுக்கவேண்டியதற்குப் பதிலாக அடுப்பு, கிரைண்டர், பாத்திரம் எல்லாவற்றையும் அவர்களிடமே விட்டார். இடத்தையும் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார். வேறு வேலைக்குப் போகாமல் மிச்சம் இருந்தவர்கள் பதினோரு பேர். ஆளுக்கு ஒரு பங்கு, சமப் பங்கு, என்று பேசிக்கொண்டார்கள். ஒப்பந்தப் பத்திரத்தை எழுத என்னிடம்தான் வந்தார்கள். 14-9-2006, வியாழக்கிழமை. குள்ளம்மாள் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தார்.

அன்றைக்கே கடைவீதிக்குப் போய்ப் பதினோரு எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் பெயர் வெட்டினார்கள். யோசனை குள்ளம்மாளுடையது. "நம்ம டம்ளரும் கஸ்டமர் டம்ளரும் ஒண்ணா கெடந்தா எனக்கு எப்பிடித் தெரியும்? வூட்டுப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டற மாதிரி இதுக்கும் வெட்டிடுங்க" என்றார். பெயர் வெட்டுகிறவர் "யார் யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாராம். அப்படிக் கேட்கும்படிதான் அவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

மாதத்தில் இரண்டாவது செவ்வாய், டிபன் முடிந்து சாப்பாடு தொடங்குவதற்கு முன், 11.10 முதல் 11.50 வரை கூட்டம். எல்லோரும் தத்தம் டம்ளரில் டீ குடிப்பார்கள். மற்ற நாட்களில் மாலை நான்கு மணி டீயும் அதில்தான். கூட்டக் குறிப்பேட்டை நான் எழுதினேன். எனக்குச் சம்பளம் இல்லை, டீ உண்டு, கஸ்டமர் டம்ளரில்.

ஓட்டல் நிமிர்ந்தது. 2014இல் அந்த முப்பத்தெட்டு சென்ட் இடத்தையும் வாங்கினார்கள். வேலையாட்கள் அதிகமானார்கள். பதினோரு பேரில் நால்வர் ஒவ்வொருவராக இறந்தார்கள். டீ மாஸ்டர் குப்புராஜ் 2017இல் கண் பார்வை குறைந்து, ஓசூரில் மகள் வீட்டுக்குப் போனார். அவர்களுக்குப் பதிலாக வந்தவர்கள் சம்பளத்துக்கு வந்தார்கள். பங்கு அந்தந்த வீட்டில் நின்றது. டம்ளர் மட்டும் யாரும் எடுத்துப் போகவில்லை. பின்கட்டுப் பலகையில் பதினொன்றும் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். குள்ளம்மாள் சாயங்காலம் பதினொன்றையும் கழுவித் துடைத்துக் கவிழ்ப்பார். செத்தவர் டம்ளரையும் கழுவுவார். பெயரைப் படிக்கத் தெரியாவிட்டாலும், எது யாருடையது என்று கையால் தெரியும். குப்புராஜின் டம்ளர் வாய் கொஞ்சம் நெளிந்தது. பரோட்டா மாஸ்டர் மாதேஸின் டம்ளரில் அடிப்பக்கம் கருப்பாக இருக்கும், அதை அடுப்பு மேலேயே வைப்பார்.

2024 ஆகஸ்டில் டாக்டர் குள்ளம்மாளின் முட்டியைப் பார்த்துவிட்டு, இனிமேல் ஈரத்தில் நிற்கக் கூடாது என்றார். தீபாவளியோடு நிறுத்திவிடுவதாக அவர் முடிவு செய்தார். அதே மாதம் வெளியூர் ஓட்டல் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. இடத்தை வாங்கி, இடித்து, பெரிதாகக் கட்டப் போகிறார்களாம். ஒரு பங்குக்கு வரக்கூடிய தொகை, குள்ளம்மாள் முப்பது வருடத்தில் வாங்கிய மொத்தச் சம்பளத்தைவிட அதிகம். நானே கூட்டிப் பார்த்தேன்.

பத்திரப்படி எந்தப் பெரிய முடிவுக்கும் ஆறு பங்கு சேரவேண்டும். வேலை செய்கிற முதலாளிகள் ஆறு பேர், வேலை செய்யாத பங்குகள் ஐந்து. அந்த ஆறில் ஒன்று குள்ளம்மாள். அவர் வேலையை விட்டு நின்று, பங்கு கோவிந்தனுக்குப் போனால், கணக்கு விற்கிற பக்கம் சாய்ந்துவிடும். ஓட்டலில் பங்கு இல்லாமல் வேலை செய்தவர்கள் அப்போது இருபது பேர். மாவு அரைக்கிற சித்தேரிக்காரி மணிமேகலை ஒன்பது வருடமாக இருக்கிறாள். இருபது பேரின் வேலையும் ஒரு பாத்திரம் கழுவுகிறவரின் பங்கில் நின்றது.

கோவிந்தனுக்கு இப்போது நாற்பது வயது. பழைய லோடு வண்டி ஒன்று ஓட்டுகிறார். வண்டி ஓடுகிற நாளைவிடப் பட்டறையில் நிற்கிற நாள் அதிகம். நல்ல மகன், அம்மாவை ஒருநாளும் பேருந்தில் அலைய விட்டதில்லை. கடிதம் வந்த அன்று வீட்டில் நடந்ததைக் குள்ளம்மாள் மறுநாள் காலை சன்னல் வழியாக என்னிடம் சொன்னார். பிறகு கோவிந்தனும் அதை ஒப்புக்கொண்டார்.

"எம்மா, ஒம் பங்கு எனக்குத்தான?"

"வேற யாருக்குடா, பக்கத்து வூட்டுக்காரனுக்கா?"

"அப்ப கையெழுத்தப் போட்டுடலாம். ஒரு புது வண்டி, ஒனக்கு முட்டி ஆப்பரேசனு, வூட்டுக்கு மேல ஒரு ரூமு. எல்லாம் முடிஞ்சுரும்."

"எல்லாம் முடிஞ்சுரும்னுதான் நானும் பயப்படறன்" என்றிருக்கிறார் குள்ளம்மாள். அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

10-9-2024, செவ்வாய்க்கிழமை. வழக்கமாக ஏழெட்டுப் பேர் வருகிற கூட்டத்துக்கு அன்று பத்துப் பங்குக்கு ஆள் வந்திருந்தது. குப்புராஜ் மகள் துணையோடு ஓசூரிலிருந்து வந்திருந்தார். பெங்களூரில் இருக்கும் ஒரு வாரிசு மட்டும் வரவில்லை. கோவிந்தன் வாசலில் வண்டியில் சாய்ந்து நின்றார். நான் கடிதத்தைப் படித்தேன். முதலில் பேசியவர் மாதேஸின் மனைவி பானுமதி. மாதேஸ் 2019இல் இறந்தார். பானுமதி தருமபுரியில் தனியாக இருக்கிறார், மகன் வெளியூரில் படிக்கிறான்.

"நாங்க பேராசைல கேக்கலீங்கக்கா. அவரு இருந்தப்ப இது எங்க வூடு மாதிரி. இப்ப வந்தா என்னைய யாருன்னு கேக்கறாங்க. போன மாசம் அந்த சப்ளையர் பையன் ‘பார்சலாம்மா’ன்னு கேட்டான். எனக்குப் பங்கு இருக்குதுடான்னு அவன்கிட்ட சொல்லவா முடியும்? இத வெச்சிக்கினு என்னா பண்ணச் சொல்றீங்க?"

மணிமேகலை எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். பழக்கத்தில், வேலை செய்கிற ஆறு பேருக்கும் அவரவர் டம்ளரில். வந்திருந்த மற்றவர்களுக்குக் கஸ்டமர் டம்ளரில். குடித்து முடிந்ததும் குள்ளம்மாள் காலி டம்ளர்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு கழுவப் பின்கட்டுக்குப் போனார். நொண்டிக்கொண்டு திரும்பி வந்தவர் பதினோரு டம்ளரையும் மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"தொட்டுப் பாருங்க" என்றார்.

மாதவராஜ்தான் முதலில் தொட்டார். ஆறு டம்ளர் ஈரம். ஐந்து காய்ந்திருந்தன.

"அதுங்களயும் நான் தெனம் கழுவறன். ஆனா யாரும் குடிக்காத டம்ளர்ங்க. ஏழு வருசமா எனக்குத் தெரியும், யார்கிட்டயும் சொல்லல. மொதல்ல ஒண்ணு காஞ்சிது, அப்பறம் ரெண்டு. இன்னிக்கி அஞ்சு. தீவாளிக்கு என்னுதும் காஞ்சிரும். அதுக்கப்பறம் இவன்" என்று மாதவராஜைக் காட்டினார். "இவனுக்கும் கால்ல நரம்பு சுருட்டிக்கினு கெடக்குது. நாலஞ்சு வருசத்துல பதினொண்ணும் காஞ்சிரும். அன்னிக்கி டீ போடறவன் ஒருத்தன், குடிக்கறவன் எங்கயோ ஒருத்தன். அந்தக் கம்பெனிக்காரன் இன்னிக்கி வந்தா என்னா, அன்னிக்கி வந்தா என்னா?"

பானுமதி மாதேஸின் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொடவில்லை.

மாதவராஜ் குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, சொன்னார்: "அக்கா, இப்ப ஆறு பேரு இருக்கறம். நீ கையத் தூக்கு. வேல செய்யாதவங்களுக்குப் பங்கு இல்லன்னு இன்னிக்கே எழுதிடலாம். ரைட்டரய்யா பேனாவோடதான் ஒக்காந்திருக்காரு."

"தூக்கமாட்டன்."

"ஏங்க்கா?"

"செத்தவங்க வூட்டுப் பொருளு. கேக்காம எடுப்பியா? இன்னிக்கி ஆறு பேரு சேந்து அஞ்சு பேர்கிட்ட புடுங்கினா, நாளைக்கி வேற ஆறு பேரு சேந்து ஒங்கிட்ட புடுங்குவாங்க. அப்பறம் இது ஓட்டலு இல்ல, சண்டக்காடு."

பிறகு என்னைப் பார்த்தார். "ரைட்டரய்யா, அன்னிக்கிப் பத்திரத்துல என்னா எழுதுனீங்க? ஆளு போனா பங்கு எங்க போவும்னு?"

நான் நான்காவது பக்கத்தைப் படித்தேன். ‘மேற்படி பங்கை அவரவரும் அவரவர்க்குப் பின் அவரவர் வாரிசுகளும் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’

"இது நெலத்துக்கு எழுதறதாச்சேங்க" என்றார் குள்ளம்மாள். "எங்கப்பன் நெலத்துப் பத்திரத்துலயும் இப்பிடித்தான் படிச்சாங்க. நெலம்னா யாரு உழுவாட்டியும் அங்கயே கெடக்கும். ஓட்டலு அப்பிடிங்களா?"

அந்த வரியைப் பதினோரு பேரில் யாரும் கேட்டு வாங்கவில்லை. நான் எத்தனையோ ஆயிரம் பத்திரங்களில் எழுதிய வரி. கை தானாக எழுதிவிட்டது. தப்பு என்னுடையது என்று அன்றைய குறிப்பில் பதிவு செய்திருக்கிறேன், 11.42 மணி. குள்ளம்மாள் "வுடுங்க, திருத்தி எழுதறதுக்குத்தான ஒங்களுக்கு டீ குடுக்கறம்" என்றார். அன்றைய கூட்டத்தில் எல்லோரும் சிரித்தது அப்போதுதான்.

நவம்பர் மாதக் கூட்டம்வரை விற்பனைப் பேச்சைத் தள்ளிவைத்தார்கள். அதுவரை குள்ளம்மாள் வேலையை விடுவதில்லை என்று ஏற்பாடு. தீபாவளிக்குப் பிறகும் பன்னிரண்டு நாள் அவர் முட்டி ஈரத்தில் நிற்கவேண்டும்.

புதுப் பத்திரத்தில் என்ன எழுதுவது என்பதை அவரே சன்னல் வழியாக எனக்குச் சொன்னார். நான்கு காலை அதற்கே போயிற்று. வேலையை விடுகிறவரின் பங்கு ஓட்டலுக்குத் திரும்பும். அதன் விலையை ஓட்டல் ஐந்து வருடத்தில் கொடுத்துத் தீர்க்கும். மூன்று வருடம் வேலை செய்தவர் யாரானாலும் பங்குக்கு வரலாம், தன் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். வெளியே போனவருக்கு ஆயுள் உள்ளவரை, வருகிற நாளெல்லாம் சாப்பாடு. கடைசி வரியைச் சொல்லிவிட்டு, "அத மொதல்ல எழுதுங்க" என்றார். முதலில் எழுதினேன்.

தாளை எடுத்துக்கொண்டு நானும் அவரும் வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டு டம்ளரைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். 6-10-2024 ஞாயிறு, ஓசூர். குப்புராஜ் எங்களை உட்காரவைத்து, கண் தெரியாமலே பாலின் சத்தத்தை வைத்து டீ போட்டார். மகள் குறுக்கே வந்தபோது விரட்டிவிட்டார்.

"குள்ளம்மா, என் டம்ளரக் கொண்டாந்திருக்கியாமே. குடுத்துட்டுப் போ, பேரன் பாலு குடிப்பான்."

"டம்ளரு ஓட்டலோடது. பேருதான் ஒன்னுது."

"கஞ்சம் புடிச்ச கழுத. சரி, அதுல ஊத்து, குடிக்கலாம்."

அந்த நெளிந்த வாயில் குடித்துவிட்டு, "ஏழு வருசமா வேற டம்ளர்ல குடிச்சி நாக்கே செத்துப்போச்சு" என்றார். எங்கே கையெழுத்து என்று கேட்டார், அவர் விரலை நான் பிடித்து இடம் காட்டினேன். இன்னொரு வீட்டிலும் கையெழுத்து கிடைத்தது. ஒரு வீட்டில் "பாக்கலாம்" என்றார்கள். பெங்களூரில் இருப்பவர் தொலைபேசியை எடுக்கவில்லை. நான் ஆறு முறை அழைத்தேன். பானுமதி டம்ளரை வாங்கித் துணியோடு மடியில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது குள்ளம்மாள் டம்ளரைத் திரும்பக் கேட்டார். "நான் கொண்டாறங்கக்கா" என்றார் பானுமதி. வெளியே வந்து, "டம்ளர வுட்டுட்டு வர்றது இதான் மொத தடவ" என்று குள்ளம்மாள் வழியெல்லாம் புலம்பினார்.

இதற்கிடையில் கோவிந்தன் ஒரு வேலை செய்தார். 14-10-2024 திங்கள் காலை ஆறு மணிக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கட்டில் வந்து நின்றார். "வேல செஞ்சாத்தான் பங்குன்னா, நான் வேல செய்யறன். தள்ளும்மா" என்றார்.

குள்ளம்மாள் தள்ளி நின்றார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் என் மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

"தட்டத் தடவிக் குடுக்காதடா, தேய்."

"தேய்க்கறன்ல."

"பின்பக்கம் யாரு தேய்ப்பா, ஒங்கப்பனா?"

"பின்னாடி யாரும்மா பாக்கப் போறாங்க?"

"அடுத்த தட்டு அது மேலதான்டா ஒக்காரும்."

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மூன்று மணிக்குக் கோவிந்தன் சுவரில் சாய்ந்து, தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் நாள் விரல் இடுக்கில் தோல் வெளுத்துப் பிரிந்தது. அதையும் பொறுத்தார். மூன்றாம் நாள், புதன், வடை தீர்ந்து டிபன் கூட்டம் அடங்குகிற நேரம், சோப்புத் தொட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எம்மா, நான் அஞ்சாவது படிக்கறப்ப இருந்து நீ இதத்தான் பண்ணிக்கினு இருக்கற."

"நாலாவது. அஞ்சாவதுல வேற ஸ்கூலுக்கு மாத்திட்டன்."

"என்னால ஆவாதும்மா."

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா மூணு நாளு பாத்துக்கினு ஒக்காந்திருந்த?"

"ஒனக்குத் தெரிய வேணாமா?"

அடுக்களையிலிருந்து தேங்காயெண்ணெய் வாங்கி வந்து, மகனின் விரல் இடுக்கில் தடவினார். நாற்பது வயது ஆள், கையை நீட்டிக்கொண்டு நின்றார். மணிமேகலை மாவுச் சட்டியோடு வந்தவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். "ஒன் இஷ்டப்படி பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கோவிந்தன் கிளம்பினார். சந்தோஷமாகச் சொன்னார் என்று எழுதமாட்டேன். ஒரு வாரம் வீட்டில் அதிகம் பேசவில்லை என்று தெரியும்.

12-11-2024, செவ்வாய்க்கிழமை, 11.10. பானுமதி 11.04க்கே வந்துவிட்டார். கைப்பையிலிருந்து மாதேஸின் டம்ளரை எடுத்து மேசைமேல் வைத்தார். அடியிலிருந்த கருப்பைத் தேய்த்து எடுத்திருந்தார். குள்ளம்மாளுக்கு முகம் மாறிவிட்டது. "அது மாதேஸு அடுப்புல வெச்ச கருப்புடி. எதுக்குத் தேய்ச்ச?"

"புதுசா ஏத்திக்கலாங்கக்கா" என்றார் பானுமதி. "நான் பணமா வாங்கிக்கினு வூட்ல ஒக்காந்து என்னா பண்றது? அவன் படிப்பு முடிஞ்சி வந்தா அவன் வழி அவனுக்கு. எனக்குக் கணக்குப் பாக்க வரும். கல்லால ஒக்காரட்டுங்களா? அப்ப இந்த டம்ளரு எங்கிட்டயே இருக்குமில்ல?"

இது யாரும் எதிர்பாராதது. பங்கைக் கேட்கப் போன இடத்தில் வேலைக்கு ஆள் கிடைத்தது. மாதவராஜ், "கல்லாவுல ஒக்காந்தாலும் என் தோசைய யாருக்கும் ஓசியில குடுக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டன்" என்றார். அவருடைய சம்மதம் அப்படித்தான் வரும்.

புதுப் பத்திரத்தில் ஒன்பது பேர் ஒப்பமிட்டார்கள். ஆறு போதும், ஒன்பது வந்தது. ஒப்பமிடாத இரண்டு வீட்டுக்கு, அவர்கள் சம்மதிக்கிறவரை பழைய பத்திரமே செல்லும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் குள்ளம்மாள். "ரெண்டு டம்ளரு காஞ்சி கெடந்தா ஓட்டலு சாஞ்சிராது" என்றார். கம்பெனிக்கு, விற்பதற்கில்லை என்று இரண்டு வரியில் கடிதம் எழுதினேன்.

பிறகு, புதுப் பத்திரப்படி முதலில் திரும்ப வந்த பங்கு குள்ளம்மாளுடையது. மையைத் தடவி இடது கைப் பெருவிரலை வைத்தார். அன்று வீட்டில் நான் 2006ஆம் வருடத்து ரேகையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் சுழி தெளிவாகத் தெரிகிறது. புதியதில் வரியே இல்லை, வெறும் கருப்பு வட்டம். ரேஷன் கடை மெஷின் அவர் விரலை ஏற்றுக்கொள்வதில்லை என்று அவர் திட்டியது நினைவுக்கு வந்தது. நாற்பத்தொரு வருடத்தில் நான் வாங்கிய ரேகைகளில் அடையாளம் காட்டாத ரேகை இது ஒன்றுதான். ஆனால் யாருடையது என்று எனக்குச் சந்தேகம் வராது. இருந்தாலும் மறுநாள் இரண்டு சாட்சி ஒப்பம் வாங்கிவைத்தேன்.

திரும்பி வந்த மூன்று பங்குகளும் (குள்ளம்மாளுடையது, குப்புராஜுடையது, கையெழுத்துக் கொடுத்த அந்த இன்னொரு வீட்டினுடையது), வேலைக்கு வந்த வருட வரிசைப்படி மூன்று பேருக்குப் போயின. முதல் ஆள் மணிமேகலை. மூன்று டம்ளரையும் எடுத்துக்கொண்டு நானும் அவளும் கடைவீதிக்குப் போனோம். பெயர் வெட்டுகிறவர் இப்போது வேறு ஆள், சின்ன மெஷின் வைத்திருக்கிறார். பழைய பெயரைத் தேய்த்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

"வேணாங்க. கீழ எடம் இருக்குதில்ல, அங்க வெட்டுங்க" என்றாள் மணிமேகலை. அப்புறம் யோசித்து, "சின்னதா வெட்டுங்க. எனக்குக் கீழயும் ஆளு வருவாங்க" என்றாள்.

கோவிந்தன் பத்து நாள் கழித்து மாதவராஜிடம் வந்து, கடத்தூர்ச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிவர வாடகைக்குப் பேசினார். பேச்சு முடிந்தபின், பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்க்காமல், "லோடு ஓட்டறவனுக்கு டம்ளரு உண்டாங்க?" என்று கேட்டார்.

"மூணு வருசம் ஒழுங்கா ஓட்டு. அப்பறம் பாக்கலாம்" என்றார் அம்மா.

குள்ளம்மாள் இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் மகனின் வண்டியில் முன் சீட்டில் வந்து இறங்குகிறார். பத்திரத்தின் முதல் வரிப்படி சாப்பாடு உண்டு. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவப் போவார், புதிதாக வந்தவர் பிடுங்கிக்கொள்வார், சண்டை நடக்கும். போன செவ்வாய், கூட்டம் முடிந்து நான் மேசையில் இருந்தபோது, அவர் பலகையில் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஒன்பது ஈரம், இரண்டு காய்ந்தவை. தன் பெயரும் மணிமேகலை பெயரும் உள்ளதை எடுத்து வாயை விரலால் தடவிப் பார்த்தார்.

"மணிமேகல! இங்க வா. யாருடி இதக் கழுவினது? வாய் ஓரத்துல டீ அப்பிடியே இருக்குது!"

"இன்னும் கழுவலீங்கக்கா. இப்பத்தான் குடிச்சி வெச்சன். கழுவாதத எடுத்துப் பாத்துட்டு கத்தறீங்களே!"

குள்ளம்மாள் டம்ளரை இன்னொரு முறை பார்த்தார். "குடிச்சியா? சரி, சரி" என்று முனகிக்கொண்டே தொட்டியின் பக்கம் திரும்பினார். முட்டியைப் பற்றி டாக்டர் சொன்னதை நான் சன்னல் வழியாக நினைவுபடுத்தினேன்.

"ஒரு டம்ளருதானங்க ரைட்டரய்யா" என்றார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நேரம் 12.06.